துபை வானில் விழுந்த தேஜஸ்: பிள்ளையைப் போர் விமானியாக அனுப்பலாமா?

2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்து, சங்கரன்கோவில் வீடுகளில் கண் அசரும் நேரம். வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு காணொலி வந்து விழுந்தது. அனுப்பியவர்கள் துபையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். தாழப் பறந்து வரும் ஒரு போர் விமானம் சுழன்று திரும்புகிறது. மேலே எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பாமல் தரையை நோக்கி இறங்குகிறது. அடுத்த நொடி நெருப்பும் கரும்புகையும்.

துபை விமானக் கண்காட்சியின் கடைசி நாள் அது. விழுந்தது இந்திய விமானப்படையின் தேஜஸ். அதை ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் அதே இடத்தில் உயிரிழந்தார். ஊர் இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டம் என்றாலும் அவர் பணியாற்றிய தளம் நம் கோவை மாவட்டத்துச் சூலூர். அவருடைய உடல் முதலில் சூலூருக்குத்தான் கொண்டுவரப்பட்டது. மனைவியும் விமானப்படை அதிகாரி. சீருடையுடன் நின்று கணவருக்கு அவர் இறுதி வணக்கம் செலுத்திய படத்தைப் பார்த்துக் கலங்காதவர் குறைவு.

அன்று மாலை நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பிளஸ் டூ படிக்கும் மகன் சில மாதங்களாகவே தேசியப் பாதுகாப்பு அகாடமி நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். காணொலியைப் பார்த்த உம்மா, "இதுக்குத்தான் போறேன்னியா? உசுர வெலைக்கு விக்கப் போறியாக்கும்" என்று பேச்சை முடித்துவிட்டார். வாப்பா வேறு விதமாக முடித்தார்: "நமக்கெல்லாம் எங்கல குடுக்கப் போறான், சும்மா கெட." பையன் எழுந்து போய்விட்டான்.

இரண்டு பதில்களும் நம் வீடுகளில் புதியவை அல்ல. ஒன்று பயம், மற்றொன்று அவநம்பிக்கை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தத் தொழிலைப் பற்றி நமக்கு அநேகமாக எதுவும் தெரியாது. தெரிந்துகொண்டு வேண்டாம் என்பது பெற்றோரின் உரிமை. தெரியாமல் சொன்னால் அதில் நஷ்டப்படுவது பிள்ளை.

துபை விபத்தின் காரணத்தை நாம் ஊகிக்கப் போவதில்லை. விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஓடிய வதந்திகள் கொஞ்சமல்ல. கண்காட்சியில் நின்ற தேஜஸிலிருந்து எண்ணெய் ஒழுகுவதாக விபத்துக்கு முன்பே ஒரு காணொலி சுற்றியது. குளிரூட்டும் அமைப்பில் சேரும் தண்ணீரை வழக்கம்போல் வெளியேற்றியதுதான் அது என்று அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு விளக்கம் கொடுத்தது. விபத்துக்குப் பிறகு அதே காணொலி 'அன்றே தெரிந்தது' என்ற தலைப்போடு மறுபடி வலம் வந்தது! மறுபக்கம், விமானத்தைத் தயாரித்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் மூன்றே நாளில் பங்குச் சந்தைக்குக் கடிதம் எழுதியது. இது அசாதாரணச் சூழலில் நடந்த தனித்த சம்பவம், வணிகத்துக்குப் பாதிப்பில்லை என்பது அதன் சாரம். விசாரணை முடியும் முன்பே அது தனித்த சம்பவம் என்று எப்படித் தெரிந்தது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகும் கண்காட்சி தொடர்ந்தது. அமெரிக்க எஃப்-16 குழு தன் கடைசி நிகழ்ச்சியை ரத்து செய்து விலகிக்கொண்டது.

உடம்பு கொடுக்கும் விலை

போர் விமானி என்றால் எதிரியின் ஏவுகணைதான் ஆபத்து என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நிஜத்தில் அவர் தினமும் மல்லுக்கட்டுவது புவியீர்ப்போடும் தன் உடம்போடும்தான்.

வேகமாகப் போகும் பேருந்து சட்டென்று திரும்பினால் நாம் ஒரு பக்கம் சாய்கிறோம் அல்லவா? அதையே ஒலியின் வேகத்துக்கு அருகில் நினைத்துப் பாருங்கள். தேஜஸ் போன்ற விமானம் புவியீர்ப்பைப் போல் எட்டு மடங்கு விசை வரை தாங்கித் திரும்பக் கூடியது. அந்தக் கணத்தில் 70 கிலோ எடையுள்ள விமானியின் உடம்பு 560 கிலோ போலக் கனக்கும். இரத்தம் மூளையை விட்டுக் கால்களுக்கு இறங்கும். முதலில் பார்வையில் நிறம் மங்கும், பிறகு ஓரங்கள் இருளும், அதற்கும் மேல் போனால் நினைவே தப்பும். நினைவு திரும்பப் பல நொடிகள் ஆகும். தாழ்வாகப் பறக்கும் விமானத்துக்கு அந்த நொடிகள் கிடைக்காது. இதைத் தடுக்கக் கால்களையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் தனி உடை உண்டு. தசைகளை முறுக்கி மூச்சை அடக்கி விடும் பயிற்சியும் உண்டு. அவ்வளவும் செய்துகொண்டேதான் அவர் கருவிகளைப் படிக்க வேண்டும், சக விமானியோடு பேச வேண்டும், முடிவும் எடுக்க வேண்டும். கழுத்து வலியும் முதுகு வலியும் இந்தத் தொழிலில் பலருக்கும் கூடவே வருபவை.

அடுத்தது திசை மயக்கம். மேகத்துக்குள் புகுந்துவிட்டால் மேல் எது கீழ் எது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சரிந்துகொண்டிருக்கும்போது நேராகப் போவதாக உடம்பு சாதிக்கும். உடம்பை நம்பாமல் கருவியை நம்பு என்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். ஆயிரம் மணி நேரம் பறந்தவரும் இதில் ஏமாந்திருக்கிறார்.

ஆபத்து வந்தால் குதித்துவிடலாமே என்று கேட்கலாம். வெளியேற்று இருக்கை உண்மையில் அற்புதமான கருவி. தேஜஸில் இருப்பது பிரிட்டனின் மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் இருக்கை. அந்நிறுவனத்தின் இருக்கைகள் இதுவரை உலகெங்கும் 7,000க்கும் மேற்பட்ட விமானிகளைக் காப்பாற்றியிருக்கின்றன. நிற்கும் விமானத்திலிருந்துகூட விமானியைப் பாராசூட் விரியும் உயரத்துக்குத் தூக்கிவிடும். ஆனால் விமானம் தரையை நோக்கி மூக்கைக் கவிழ்த்து வேகமாக இறங்கும்போது, சில நூறு அடி உயரத்தில், அந்த இருக்கைக்கும் போதிய நேரம் இருக்காது. அதற்கு மேல் இன்னொரு கொடுமை உண்டு. கீழே வீடுகள் இருந்தால், அவற்றைத் தாண்டி விமானத்தைக் கொண்டுபோக விமானி கூடுதலாகச் சில நொடிகள் உள்ளேயே இருக்க நினைப்பார். அந்தச் சில நொடிகள்தான் பல சமயம் அவருடைய உயிர்.

தப்பியவர்களும் முழுசாகத் தப்புவதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துத் திருப்பனமூரைப் பூர்வீகமாகக் கொண்ட அபிநந்தன் வர்த்தமானை நாம் மறந்திருக்க மாட்டோம். 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்திலிருந்து வெளியேறிப் பாகிஸ்தான் பிடியில் சிக்கி, மார்ச் 1 அன்று வாகா வழியாகத் திரும்பினார். மீசையைப் பற்றி எழுதிய ஊடகங்கள் அவருடைய முதுகெலும்புக் காயத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. பெங்களூரில் மருத்துவத் தகுதிச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் மீண்டும் விமானம் ஏறினார்.

போரில் அல்ல, பயிற்சியில்

இந்திய விமானிகளில் மிகப் பெரும்பாலானோர் உயிரிழந்தது போரில் அல்ல. அமைதிக் காலத்தில், அன்றாடப் பறப்பில். மிக்-21 விமானம் 1963ல் படையில் சேர்ந்தது. 62 ஆண்டுகள் கழித்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை பெற்றது. நாடாளுமன்றத்தில் 2012ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி அளித்த கணக்கின்படி, வாங்கப்பட்ட 872 மிக் ரக விமானங்களில் 482 அதுவரை விபத்துக்குள்ளாகியிருந்தன. 171 விமானிகளும் 39 பொதுமக்களும் பிற படைப்பிரிவினர் 8 பேரும் அவற்றில் இறந்திருந்தார்கள். வாங்கியதில் பாதிக்கும் மேல்!

இதற்கு விமானத்தின் வயது மட்டும் காரணமல்ல. மிக்-21 தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். மெதுவான பயிற்சி விமானத்தில் பழகிய 22, 23 வயதுப் பையனை நேரே அதில் ஏற்றினால் என்ன ஆகும்? இடையில் பழக ஒரு நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982ல் அமைக்கப்பட்ட லாஃபோன்டேன் குழு பரிந்துரைத்தது. அந்த ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004ல். அது படையில் சேர்ந்தது 2008ல். கோப்புகள் மேசை மாறிய அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை வீடுகளுக்குச் சவப்பெட்டி போயிருக்கும்?

அப்படிப் போன வீடுகளில் ஒன்று கவிதா காட்கிலுடையது. அவர் மகன் ஃபிளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கில் 2001 செப்டம்பர் 17 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் இரவுப் பறப்பின்போது மிக்-21 விபத்தில் இறந்தார். விமானியின் தவறு என்றது விசாரணை. அந்தத் தாய் ஏற்கவில்லை. தந்தையும் முன்னாள் விமானப்படை அதிகாரி. இருவரும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள், ஊடகங்களில் பேசினார்கள், அதிகாரத்தில் இருந்தவர்களின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார்கள். கடைசியில் மகனின் செல்லப் பெயரான ஜீத் என்பதையே வைத்து ஒரு விமானப் பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். இறந்தவர் வந்து வாதாட மாட்டார் என்பதால் பழியை அவர் மேல் போடுவது எளிது. அதைத் தட்டிக் கேட்ட அந்த உம்மாவின் துணிச்சல் நம் பெண்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

'மனிதப் பிழை' என்ற சொல் இன்றும் கோப்புகளில் நிறையவே இருக்கிறது. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 டிசம்பரில் அளித்த அறிக்கையின்படி 2017 முதல் 2022 வரையிலான திட்டக் காலத்தில் விமானப்படையில் 34 விபத்துகள். அவற்றில் 19க்குக் காரணம் விமானக் குழுவினரின் பிழை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து புறப்பட்டுக் குன்னூரில் விழுந்த ஹெலிகாப்டரும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்த அந்த விபத்தில், மேகத்துக்குள் சிக்கித் திசை மயங்கியதே காரணம் என்று முப்படை விசாரணை சொன்னது. பிழை விமானியுடையதாகவே இருக்கட்டும். அந்தப் பிழைக்கு இடம் கொடுத்த பயிற்சியும் வானிலைத் தகவலும் இயந்திரமும் யாருடையவை? நிலைக்குழு அறிக்கையின் ஒரு கட்டத்துக்குள் இது அடங்காது.

அதே ஹெலிகாப்டரில் பயணியாக இருந்தவர் குரூப் கேப்டன் வருண் சிங். போர் விமானி. 2020 அக்டோபர் 12 அன்று அவர் ஓட்டிய தேஜஸ் உயரத்தில் கட்டுப்பாட்டை முற்றிலும் இழந்தது. குதிப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தும் குதிக்காமல் அதை மீட்டுத் தரையிறக்கினார். அதற்காகச் சௌர்ய சக்ரா பெற்றார். விருது கிடைத்ததும் தாம் படித்த பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் படிப்பிலும் விளையாட்டிலும் சராசரி மாணவன்தான் என்றும், பள்ளியில் சராசரியாக இருப்பவர்கள் தங்களைக் குறைத்து எண்ணக் கூடாது என்றும் அதில் சொல்லியிருந்தார். குன்னூர் விபத்தில் அன்று உயிர் பிழைத்த ஒரே ஒருவர் அவர்தான். ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூர் மருத்துவமனையில் இறந்தார். கட்டுப்பாடிழந்த போர் விமானத்தை மீட்டவர், இன்னொருவர் ஓட்டிய ஹெலிகாப்டரில் பயணியாக அமர்ந்திருந்தபோது போனார்.

தரையில் இருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2025 ஜூலை 21 அன்று டாக்காவில் வங்கதேச விமானப்படையின் எஃப்-7 பயிற்சிப் பறப்பில் மைல்ஸ்டோன் பள்ளி மீது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். மக்கள் நெருங்கி வாழும் நகரத்தின் மேல் பயிற்சி எதற்கு என்று அங்கே பெற்றோர் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இதனோடு ஒரு சின்ன விஷயம். பெங்களூரில் ஏரோ இந்தியா கண்காட்சி வரும்போதெல்லாம் எலகங்கா பகுதியில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வார்கள். உடனே நம் குழுமங்களில் கொதிப்பு. உண்மையில் அதற்குக் காரணம் பருந்து. இறைச்சிக் கழிவைத் தேடி வரும் பறவைகள் என்ஜினுக்குள் போனால் விமானம் விழும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கழிவு கொட்டக் கூடாது என்பது 1937ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருக்கிறது. 2019 ஜூனில் அம்பாலாவில் பறவை மோதிய ஜாகுவார் ஒன்று எரிபொருள் தொட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் தப்பி இறங்கியது. பிரியாணிக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் நாம். கழிவை எங்கே கொட்டுகிறோம் என்பதும் நம் கணக்கில் வர வேண்டும்.

இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. மிக்-21 விடைபெற்ற பிறகு இருப்பது 29. உலகில் வேறு யாரும் பயன்படுத்தாத ஜாகுவாரை நாம் 1979 முதல் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 2025ல் மட்டும் மார்ச், ஏப்ரல், ஜூலை என மூன்று ஜாகுவார்கள் விழுந்தன, மூன்று விமானிகள் இறந்தார்கள். புதிய தேஜஸ் மார்க்-1ஏ ரகத்தில் 83 விமானங்களுக்கு 2021லேயே ஒப்பந்தம் போட்டாயிற்று. 2024 மார்ச்சில் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க என்ஜின் தாமதம், சோதனைத் தாமதம் என்று நாள் தள்ளிப்போய், விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் 2025 பிப்ரவரியில் கேமராக்களுக்கு முன்பே தயாரிப்பாளர்களிடம் அதிருப்தியைக் கொட்டினார். துபை விபத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு நம் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருப்போரூர் அருகே தாம்பரம் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. நல்லவேளை, விமானி குதித்துத் தப்பினார்.

வழி எங்கே தொடங்குகிறது

இத்தனை ஆபத்தையும் படித்துவிட்டு, இனி எதற்கு வழி என்று உம்மாமார்கள் கேட்கலாம். ஆனால் ஆசைப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோரை நிறுத்துவது ஆபத்து அல்ல. அதற்கு வெகு முன்பே வேறு கதவுகள் அடைத்துக்கொள்கின்றன.

முதல் கதவு கண். போர் விமானிக்குக் கண் பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் கடுமையாகச் சோதிக்கப்படும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டுவிட்ட பிள்ளைக்கு அகாடமி வழியாக விமானியாவது அநேகமாக முடியாது. உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும். காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். விமானி அறைக்குள் உட்கார்ந்தால் கால் மிதிகளை எட்ட வேண்டும், வெளியேறும்போது முழங்கால் அடிபடக் கூடாது. இது தெரியாமல் இரண்டு வருடம் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியபின் மருத்துவச் சோதனையில் திருப்பி அனுப்பப்படுவது நடக்கிறது. ஆகவே புத்தகம் வாங்கும் முன் கண் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது கதவு பாடம். அகாடமியின் விமானப்படைப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கட்டாயம். பத்தாம் வகுப்பு முடித்ததும் 'ஈஸியா இருக்கும்' என்று வேறு பாடப்பிரிவு எடுத்த பிள்ளைக்கு அன்றே இந்த வழி மூடிவிட்டது. தேர்வை மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. தமிழ் இல்லை. இந்தி பேசும் மாநிலத்துப் பையன் தாய்மொழியில் கணக்கைப் படிக்கிறான், நம் தென்காசி மாவட்டத்துத் தமிழ்வழி மாணவன் முதலில் ஆங்கிலத்தை மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். இந்த அநீதியைப் பற்றி நம் எம்.பி.க்கள் இன்னும் உரக்கப் பேசலாம்.

மூன்றாவது, நேர்முகத் தேர்வு. ஐந்து நாள் அங்கேயே தங்கவைத்துக் குணத்தையும் குழுவாக இயங்கும் திறனையும் சோதிப்பார்கள். விமானப்படைக்கான தேர்வு வாரியங்களில் நமக்கு அருகில் இருப்பது மைசூர். விமானி ஆக விரும்புபவருக்குக் கணினி வழி விமானித் திறன் தேர்வு ஒன்று கூடுதலாக உண்டு. அதை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும். தோற்றால் தரைப்பணிக்குப் போகலாம், விமானிப் பணிக்கு மறுபடி முயல முடியாது.

அந்த மாதிரி ஒரு வாசலில் நின்று திரும்பியவர் நம் அப்துல் கலாம். இராமேஸ்வரத்துப் படகோட்டியின் மகன், குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் படித்துவிட்டு விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் எட்டுப் பேருக்கு இடம். அவர் ஒன்பதாவது. விமானம் ஓட்டும் அந்த ஆசை விட்டுப் போகவில்லை. குடியரசுத் தலைவரானபின் 2006 ஜூன் 8 அன்று, 74ஆவது வயதில், புனேயில் சுகோய்-30 விமானத்தில் துணை விமானியின் இருக்கையில் ஏறிப் பறந்து வந்தார்.

அண்மை அறிவிக்கைகளின்படி ஒரு தடவைக்கு அகாடமியில் விமானிப் பிரிவுக்கு இருப்பது 92 இடங்கள். அதில் பெண்களுக்கு வெறும் 2. இந்த 92 பேரும் போர் விமானி ஆகப் போவதும் இல்லை. மூன்று ஆண்டுகள் புனே அருகே கடக்வாஸ்லாவில், பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகலில் பறக்கப் பழக வேண்டும். முதல் கட்டம் முடிந்தபின்தான் போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். போர் விமானத்துக்குத் தேர்வானவர் ஹாக் விமானத்தில் பயின்றுவிட்டுப் படைப்பிரிவுக்குப் போவார். சுகோய்-30 பிரிவு ஒன்று 2020 முதல் நம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

பட்டம் முடித்தபின்னும் வழி உண்டு. விமானப்படை தானே நடத்தும் பொது நுழைவுத் தேர்வை 20 முதல் 24 வயதுக்குள் எழுதலாம், என்.சி.சி. விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் பெற்றவருக்குத் தனி வாய்ப்பும் உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வு வழியாக வருபவருக்குக் குறுகிய காலப் பணி மட்டுமே. 14 ஆண்டுகள். அது முடிந்ததும் ஓய்வூதியம் கிடையாது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துக்கொண்டு அடுத்த வேலை தேட வேண்டும். சிவில் விமான நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும், அதற்கும் தனி உரிமமும் தேர்வுகளும் வேண்டும். தொடக்கச் சம்பளம் அடிப்படையாக 56,100 ரூபாய், அதன் மேல் இராணுவப் பணி ஊதியமும் 25,000 ரூபாய் பறப்புப் படியும் உண்டு. அக்னிவீர் வாயு திட்டத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது நான்கு ஆண்டு வீரர் பணி, அதில் சேர்ந்தவர் விமானி ஆவதில்லை.

இன்னொன்றையும் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சியின்போதே படுகாயமடைந்து ஊனமாகி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பயிற்சி மாணவர்கள் 1985 முதல் சுமார் 500 பேர். அதிகாரியாகப் பதவியேற்கும் முன் காயமடைந்ததால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி இல்லை. கிடைப்பது அதிகபட்சம் மாதம் 40,000 ரூபாய் கருணைத் தொகை. நிரந்தரமாகப் படுக்கையில் இருப்பவருக்கு அது மருத்துவத்துக்கே போதாது. 2025 ஆகஸ்டில் செய்தித்தாளில் இதைப் பார்த்த உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதன் பிறகே அரசு இவர்களை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர்த்தது. மகனைக் கேட்டு வாங்கும் அரசு, அவன் முதுகெலும்பு உடைந்து வந்தால் என்ன செய்யும் என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை.

"நமக்கெல்லாம் குடுப்பானா?"

வாப்பாவின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆயுதப்படைகளில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு வெளியில் இல்லை. 2006ல் சச்சார் குழு கேட்டபோது பெரும் சர்ச்சை கிளம்பி, அந்தக் கணக்கு அறிக்கையில் இடம்பெறாமலே போனது. தாடி விஷயத்தில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: விமானப்படையில் பணியாற்றும் முஸ்லிம் தாடி வளர்க்க அனுமதியில்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும், சேர்ந்தபின் பிரச்சினை செய்வதற்கு இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பணியில் கிடைக்கும் 3.5 விழுக்காடு போன்ற இட ஒதுக்கீடும் இங்கே கிடையாது. எந்தச் சமூகத்துக்குமே கிடையாது.

ஆனால் கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்வதற்கும் இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த இத்ரீஸ் ஹசன் லத்தீஃப் 1942ல் விமானப்படையில் சேர்ந்து பர்மா முனையில் பறந்தவர். பிரிவினையின்போது சக முஸ்லிம் அதிகாரிகள் பாகிஸ்தானுக்கு அழைத்தும் போகாமல் இங்கேயே இருந்தார். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி அவர்தான். இன்று நாம் பேசும் ஜாகுவார் படையில் சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். அண்மைக் காலத்தில் உத்தரப் பிரதேசம் மிர்சாபூரில் தொலைக்காட்சி பழுது பார்ப்பவரின் மகள் சானியா மிர்சா, இந்திவழியில் படித்து, பெண்களுக்கான விமானி இடத்தை 2022ல் வென்றார். 'முதல் முஸ்லிம் பெண் போர் விமானி' என்று ஊடகங்கள் அப்போதே எழுதிவிட்டன. அன்று அவர் பயிற்சிக்கே சேர்ந்திருக்கவில்லை! பெண் பிள்ளையின் சாதனையைச் சொல்வதில்கூட நமக்கு அவசரம். பெண்களை அகாடமியில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2021ல் உத்தரவிட்டு, முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

எத்தனை முஸ்லிம் பிள்ளைகள் தேர்வில் ஒதுக்கப்படுகிறார்கள் என்று கோபப்படுகிறோம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று ஒரு ஜமாஅத்தாவது எண்ணிப் பார்த்திருக்கிறதா? வளைகுடா விசாவுக்கு எந்த ஏஜென்ட்டைப் பார்க்க வேண்டும் என்று நம் ஊர் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். உடுமலை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருப்பதும், அதில் ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம் என்பதும் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

அந்தச் சங்கரன்கோவில் வீட்டுக்கு வருவோம். உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. துபை காணொலியை அவர் அழித்துவிட்டார், ஆனால் மறக்கவில்லை. வாப்பா மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். போன வாரம் பையனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்தார்கள். கண்ணாடி தேவையில்லை, நிறப் பார்வை சரியாக இருக்கிறது என்றார் மருத்துவர். உயரம் 168. விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர் எழுதும் இடம் வந்ததும் பையன் லேப்டாப்பை உம்மா பக்கம் திருப்பி, "எழுத்து சரியா இருக்கான்னு பாருங்கம்மா" என்றானாம். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.